கண்ணொளி கொடுத்த டாக்டர் கிரேஃபே

1857-ம் ஆண்டுக்கு முன்பு, கிளாக்கோமா என்ற கண் நோய் வந்துவிட்டால், பார்வை போனது போனதுதான்.

இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதர், நடுச்சாமத்தில் மண்டையைப் பிளக்கும் வலியோடு எழுந்து உட்காருவார். ஒரு கண் செக்கச் செவேல் என்று சிவந்திருக்கும். வாந்தி எடுப்பார். விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில்போல ஒரு வட்டம் தெரியும். விடிவதற்குள் பார்வை மங்கிவிடும். சில நாளில் அந்தக் கண் இருண்டே போகும். பிறகு என்றாவது ஒரு நாள் மற்றக் கண்ணுக்கும் அதே கதி.

டாக்டர்கள் அட்டையைக் கடிக்கவிட்டு ரத்தத்தை எடுத்தார்கள். பேதி மருந்து கொடுத்தார்கள். பாதரசம் கொடுத்தார்கள். வலி தாங்காதவர்களுக்கு அபினி கொடுத்தார்கள். எதனாலும் பார்வை திரும்பவில்லை. இது தீராத நோய் என்று வைத்தியப் புத்தகங்களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியவர், பெர்லின் நகரத்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே. அப்போது அவருக்கு வயது 29.

புகழ் பெற்ற தந்தை

கிரேஃபே 1828-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி பெர்லினில் பிறந்தார். பெர்லின் அப்போது பிரஷ்யா நாட்டின் தலைநகரம். அவருடைய தந்தை கார்ல் பெர்டினாண்ட் வான் கிரேஃபே, ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற சர்ஜன். பெர்லின் பல்கலைக்கழகத்தில் ரண சிகிச்சைப் பேராசிரியர்.

மூக்கு அறுபட்டவர்களுக்கு நெற்றித் தோலை எடுத்துப் புதிய மூக்கு அமைப்பது இந்தியாவில் பழங்காலத்திலிருந்து வழங்கிவந்த முறை. அந்த இந்திய முறையையும் இத்தாலிய முறையையும் ஆராய்ந்து, 1818-ம் ஆண்டிலேயே புத்தகம் எழுதியவர் இந்தத் தந்தை கிரேஃபேதான். கண் ஆபரேஷனிலும் அவர் கைதேர்ந்தவர்.

பெரிய மாளிகை, செல்வம், அரசாங்க மரியாதை எல்லாம் இருந்தன. சிறுவன் ஆல்பிரெக்ட் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தான்.

1840-ம் ஆண்டு ஹனோவர் அரண்மனையில் இருந்து தந்தைக்கு அழைப்பு வந்தது. ஹனோவர் பட்டத்து இளவரசர் ஜார்ஜுக்குக் கண் தெரியவில்லை. ஒரு கண் சிறு வயதில் நோயினால் போயிற்று. மற்றக் கண் விபத்தில் கெட்டது. அவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அழைத்திருந்தார்கள்.

தந்தை புறப்பட்டுப் போனார். திரும்பி வரவில்லை. ஹனோவரிலேயே திடீரென்று காலமாகிவிட்டார். அப்போது மகனுக்கு 12 வயது.

இளவரசரின் கண்ணும் திரும்பவில்லை. பின்னால் அவர் ஐந்தாம் ஜார்ஜ் என்ற பெயரில் மன்னரானபோதும், பார்வை இல்லாமலேதான் 1851 முதல் 1866 வரை ஹனோவரை ஆண்டார்.

19 வயதில் டாக்டர் பட்டம்

ஆல்பிரெக்ட் படிப்பில் சூரன். பெர்லினில் இருந்த பிரெஞ்சுப் பள்ளியில் படித்தான். 15-வது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 1847-ம் ஆண்டு, 19 வயதில், டாக்டர் பட்டம் பெற்றுவிட்டான். அந்த வயதில் நம் பிள்ளைகள் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருப்பார்கள்!

பட்டம் பெற்றபின் கிரேஃபே வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் கெட்டிக்கார டாக்டர்கள் இப்படி ஊர் ஊராகப் போய்ப் பெரிய ஆசிரியர்களிடம் தொழில் பழகுவது வழக்கம்.

முதலில் பிராகா நகரம். அங்கே ஆர்ல்ட் என்ற கண் டாக்டர் இருந்தார். கிரேஃபேயின் மனத்தைக் கண் வைத்தியத்தின் பக்கம் திருப்பியவர் அவர்தான். அதன்பின் பாரிஸ் போய் டேமார், சிசேல் ஆகிய இருவரிடமும் பழகினார். வியன்னாவில் யேகர் குடும்பத்தாரிடம் கத்தி பிடிக்கக் கற்றார்.

1851-ல் லண்டன் போனார். அங்கே இரண்டு பேருடைய நட்பு கிடைத்தது. ஒருவர் லண்டன் கண் சர்ஜன் போமன். மற்றவர் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த டாண்டர்ஸ். இந்த டாண்டர்ஸ்தான் கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகியவற்றின் காரணத்தை ஒழுங்குபடுத்தி, கண்ணாடி எழுதிக் கொடுப்பதை ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர். ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும், மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகச் சின்ன எழுத்துமாக உள்ள அட்டை, டாண்டர்சின் உதவியாளர் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்டது. கிரேஃபே, போமன், டாண்டர்ஸ் மூவரும் கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள்.

கண்ணுக்குள் பார்க்க ஒரு கருவி

அதுவரை கண் டாக்டர்களுக்குக் கண்ணின் வெளிப்புறம்தான் தெரியும். கண்மணிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது உயிரோடு இருக்கும் மனிதனிடம் யாருக்கும் தெரியாது. கண்மணி கறுப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் விழித்திரை இருக்கிறது, பார்வை நரம்பு இருக்கிறது என்பதெல்லாம் செத்தவர்களின் கண்ணை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

கண் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்து பார்வை மட்டும் போய்விட்டால், அதற்கு ஜெர்மானியர்கள் கறுப்பு நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நோயில் நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்று டாக்டர்களே கேலி செய்துகொள்வது உண்டு.

1850-ம் ஆண்டு கோனிக்ஸ்பர்க் நகரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற 29 வயதுப் பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு சிறு கருவி செய்தார். கொஞ்சம் கண்ணாடித் தகடு, ஒரு லென்ஸ், அட்டை, பசை, இவ்வளவுதான் சாமான்! விளக்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, அதே வழியாக உள்ளே பார்க்கும்படி அது அமைந்திருந்தது. செக்கச் சிவந்த விழித்திரையும், அதில் ஓடும் ரத்தக் குழாய்களும், பார்வை நரம்பின் முனையும் பளிச்சென்று தெரிந்தன. இதுதான் ஆப்தால்மாஸ்கோப்.

(கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் திட்டம் போட்ட பாபேஜ் என்ற ஆங்கிலேயர், 1847-லேயே இதுபோன்ற ஒரு கருவியைச் செய்து ஒரு லண்டன் கண் டாக்டரிடம் காட்டினார். அந்த டாக்டர் அதன் அருமையை அறியவில்லை. கருவி மூலையில் போயிற்று.)

கிரேஃபே அப்படி விடவில்லை. ஹெல்ம்ஹோல்ட்சின் கருவியைப் பற்றிப் படித்ததும் ஆனந்தத்தில் துள்ளிக் குதித்தார். புதிய உலகம் ஒன்று திறந்துவிட்டதாக நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்தார். உடனே ஒன்றை வரவழைத்துக்கொண்டார்.

1851-ம் ஆண்டு அவர் பெர்லினில் கண் வைத்தியம் ஆரம்பித்தபோது வயது 23. அடுத்த ஆண்டே கார்ல் தெருவில் ஆஸ்பத்திரி அமைந்தது. ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. தந்தை வைத்துவிட்டுப் போன செல்வம் அதற்குக் கைகொடுத்தது. வாசலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரின் கண்ணுக்குள்ளும் அந்தச் சிறு கருவியை வைத்துப் பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார்.

எழுதியதை வெளியிட 1854-ம் ஆண்டு, 26 வயதில், கண் நோய்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். முதல் தொகுதியில் பெரும் பகுதியை அவரே எழுதினார். அடுத்த தொகுதியிலிருந்து ஆர்ல்ட்டும் டாண்டர்சும் ஆசிரியர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள்.

மேடா, பள்ளமா?

கிளாக்கோமா நோயாளிகளின் கண்ணுக்குள் பார்த்தபோது, பார்வை நரம்பின் முனை வித்தியாசமாகத் தெரிந்தது. ரத்தக் குழாய்கள் அதன் ஓரத்தில் சட்டென்று வளைந்து ஒடிந்ததுபோல் இருந்தன. நரம்பின் முனை வீங்கி மேடாக எழும்பியிருக்கிறது என்று கிரேஃபே முடிவு கட்டினார். அப்படியே எழுதியும் விட்டார். வியன்னாவில் எட்வர்ட் யேகரும் அதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஆனால் அது மேடு அல்ல, பள்ளம்!

ஒற்றைக் கண்ணால் கருவிக்குள் பார்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தோன்றும். கிரேஃபேயிடம் இருந்த அடால்ப் வெபர் என்ற இளம் டாக்டர் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கினார். கிரேஃபே வீம்பு பிடிக்கவில்லை. 1855-ல் தம் பத்திரிகையிலேயே, முன்பு எழுதியது தவறு, அது பள்ளம்தான் என்று திருத்தி எழுதினார். பின்பு ஹென்ரிக் முல்லர் என்ற பேராசிரியர், இறந்தவர்களின் கண்ணை அறுத்துப் பார்த்து, பள்ளம்தான் என்று உறுதி செய்தார்.

இந்தத் திருத்தம் சின்ன விஷயம் அல்ல. கண் உருண்டைக்குள் எங்கும் கெட்டியான சுவர். பார்வை நரம்பு வெளியேறும் இடம் ஒன்றுதான் பலவீனமான இடம். அங்கே பள்ளம் விழுகிறது என்றால், உள்ளே இருந்து ஏதோ அழுத்துகிறது என்று பொருள். கிளாக்கோமா கண்ணை இமைமேல் விரலால் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருப்பதும் அதனால்தான். நோய் என்ன என்பது இப்போது புரிந்துவிட்டது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் அதிகமாகிறது. அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கொல்கிறது.

அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?

முதலில் கண்ணில் சிறு துளை போட்டு நீரை வெளியே விட்டுப் பார்த்தார். அழுத்தம் குறைந்தது. சில நாளில் பழையபடி ஏறிவிட்டது. மறுபடியும் துளை, மறுபடியும் ஏற்றம்.

அப்போது அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. கண்மணியைச் சுற்றி வட்டமாக ஒரு நிறத்திரை இருக்கிறது. ஐரிஸ் என்பார்கள். வேறு சில நோய்களுக்காக அந்த ஐரிசில் ஒரு சிறு துண்டை அவர் வெட்டி எடுத்ததுண்டு. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்கள் மெத்தென்று ஆகியிருந்ததைக் கவனித்திருந்தார். கிளாக்கோமாவிலும் அதையே செய்தால் என்ன?

துணிந்து செய்தார். திடீரென்று வலியோடு வரும் கிளாக்கோமாவில், நோய் தொடங்கிய சில நாட்களுக்குள் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களுக்கு வலி நின்றது. பார்வை திரும்பியது. அழுத்தம் மறுபடியும் ஏறவில்லை.

அவசரப்பட்டு அவர் தம்பட்டம் அடிக்கவில்லை. ஆபரேஷன் செய்தவர்களை மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அதன்பிறகே 1857-ல் தம் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் கண் டாக்டர்களின் முதல் உலக மகாநாடு நடந்தது. அங்கேயும் எடுத்துச் சொன்னார். லண்டனில் போமன் அந்த ஆபரேஷனை உடனே கையாளத் தொடங்கினார். சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பார்வை திரும்பிய நோயாளி கண் முன்னால் நிற்கும்போது எவ்வளவு நாள் சந்தேகப்பட முடியும்?

இதில் ஒரு வேடிக்கை. ஆபரேஷன் ஏன் பலிக்கிறது என்பது கிரேஃபேக்குச் சரியாகத் தெரியாது! கண்ணுக்குள் நீர் அதிகமாகச் சுரப்பதுதான் நோய், ஐரிசை வெட்டுவதால் சுரப்பது குறைகிறது என்று அவர் நினைத்தார். உண்மை வேறு. கண்ணுக்குள் சுரக்கும் நீர், கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, ஐரிசின் ஓரத்தில் உள்ள நுண்ணிய வடிகாலில் இறங்க வேண்டும். அந்த வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஐரிசில் ஒரு ஓட்டை போட்டால் நீருக்குப் புது வழி கிடைக்கிறது; வடிகால் திறக்கிறது. இன்று இதே ஓட்டையைக் கத்தி இல்லாமல் லேசர் ஒளியினால் சில நிமிடங்களில் போட்டுவிடுகிறார்கள்.

எழும்பூரில் நடந்தது

கிளாக்கோமாவில் இன்னொரு வகை உண்டு. அதில் வலி இல்லை. சிவப்பு இல்லை. திருடன்போலச் சத்தமில்லாமல் வரும். முதலில் பக்கப் பார்வை சுருங்கும். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால் மனிதர் ஒன்றும் அறியமாட்டார். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகும்போதுதான் டாக்டரைத் தேடுவார். பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கத்தைக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்தவரும் கிரேஃபேதான். இது 1856-ல்.

இந்தச் சத்தமில்லாத வகைக்கு அவருடைய ஆபரேஷன் சரியாகப் பலிக்கவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஏற்பட்டது. உலகிலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அதன் தலைவராக 1904 முதல் பத்து ஆண்டுகள் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணின் வெள்ளை விழி ஓரத்தில் வட்டமாகச் சிறு துளை எடுத்து, உள்ளே உள்ள நீர் மேல்தோலுக்கு அடியில் கசிந்துபோக வழி செய்யும் ஆபரேஷனை அவர் 1909-ல் வெளியிட்டார். அதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு டாக்டர்கள் விரும்பினார்கள். எலியட் ஆபரேஷன் என்றே அது பெயர் பெற்றது. இன்று செய்யப்படும் கிளாக்கோமா ஆபரேஷனும் அந்த வழியில் வந்ததுதான்.

இன்று சொட்டு மருந்து இருக்கிறது, லேசர் இருக்கிறது. ஆனால் கிரேஃபே காலத்தில் இருந்த ஒரு சங்கடம் இன்றும் தீரவில்லை. செத்துப்போன பார்வை நரம்பை யாராலும் உயிர்ப்பிக்க முடியாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். எனவே 40 வயது தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போதே கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவுக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். கண் அரிக்கிறது, சிவக்கிறது என்று மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் விட்டுக்கொள்கிறவர்களுக்கும் கண் அழுத்தம் ஏறிவிடும்.

புரைக்குப் புதுக் கத்தி

கண்புரை என்பது வேறு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதினால் மங்கிப்போவதுதான் புரை. அந்த லென்சை ஊசியால் குத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது பழைய முறை. சுசுருதர் எழுதி வைத்திருக்கிறார். ஊர் ஊராகத் திரிந்த ஊசி வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இந்தியாவில் இதைச் செய்துவந்தார்கள். முதல் நாள் பளிச்சென்று தெரியும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதன்பின் கண் கெடும். அப்படிக் கெட்ட கண்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த எலியட், அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

லென்சைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1752-ல் பாரிஸில் டேவியல் என்ற சர்ஜன் அறிவித்தார். நல்ல முறைதான். ஆனால் கண்ணின் முன்புறம் அரை வட்டமாகப் பெரிய வாய் திறக்க வேண்டும். அந்த வாய் சரியாக மூடாது. தையலும் கிடையாது. இரண்டு கண்ணையும் கட்டி, இருட்டறையில் நாள் கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். அப்படியும் நூற்றுக்குப் பத்துக் கண்கள் சீழ் பிடித்து அழிந்தன.

கிரேஃபே 1865-ம் ஆண்டையொட்டி இதை மாற்றினார். மிக ஒடுக்கமான, நீண்ட, மெல்லிய கத்தி ஒன்றை அமைத்தார். அரை வட்டமாக வெட்டாமல், கண்ணின் ஓரத்தில் கிட்டத்தட்ட நேர் கோடாக வெட்டினார். அந்தக் காயம் தானாகவே ஒட்டிக்கொண்டது. நூற்றுக்குப் பத்து என்றிருந்த நஷ்டம் மூன்றுக்கும் கீழே இறங்கியது. கிருமிகளைக் கொல்லும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-ல். கண்ணை மரத்துப்போக வைக்கும் கொக்கேன் சொட்டு மருந்து வந்தது 1884-ல். இரண்டும் இல்லாத காலத்தில் கிரேஃபேயின் கை செய்த வேலை இது.

அந்தக் கத்திக்குக் கிரேஃபே கத்தி என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் எங்கும், நம் நாட்டிலும், புரை ஆபரேஷன் செய்த சர்ஜன்கள் அதைத்தான் பிடித்தார்கள்.

அந்தக் காலத்தில் புரை முற்றும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். இன்று அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறி முற்றவிட்டால் அதனாலேயே கண் அழுத்தம் ஏறி, கிளாக்கோமாவில் கொண்டுபோய் விடும்.

அவர் கை படாத கண் நோய் இல்லை என்று சொல்லலாம். மாறுகண்ணுக்கு எவ்வளவு தசையைத் தளர்த்த வேண்டும் என்று அளந்து செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சும்மா விட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அப்படி விட்ட குழந்தையின் கண் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறது. இதற்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை செய்ய வேண்டும். விழித்திரைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டால் ஒரு நொடியில் பார்வை போகும் என்று 1859-ல் கண்டார். மூளையில் கட்டி வளர்ந்தால் பார்வை நரம்பின் முனை வீங்கும் என்று 1860-ல் காட்டினார். இந்தத் தடவை அது உண்மையாகவே மேடுதான்! தைராய்டு நோயில் கண்ணைக் கீழே இறக்கும்போது மேல் இமை பின்தங்கி நிற்கும் என்று 1864-ல் எழுதினார். அது இன்றும் கிரேஃபே அடையாளம் என்ற பெயரில் மருத்துவ மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது.

பெர்லின்வாசிகள் சிலர் கண்ணில் புழு நெளிவதையும் அவர் தம் கருவியால் கண்டார். பன்றி மாமிசம் மூலம் பரவும் நாடாப்புழுவின் குஞ்சு அது. அதை உயிரோடு வெளியே எடுத்தார். பின்னால் மாமிசப் பரிசோதனைச் சட்டம் வந்தபின் அந்த நோய் பெர்லினில் அநேகமாக மறைந்தே போயிற்று.

தன் உடம்பைப் பார்க்கவில்லை

கண் வைத்தியம் அப்போது ரண சிகிச்சையின் ஒரு மூலை. தனிப் பாடம் அல்ல. தனிப் பரீட்சை கிடையாது. அதைத் தனித் துறையாக்க வேண்டும் என்று கிரேஃபே போராடினார். அரசாங்கம் மெதுவாகவே அசைந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் டாக்டர்கள் அவரிடம் படிக்க வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1866-ல். பெர்லினின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியான ஷரிட்டேயில் கண் பிரிவின் தலைமைப் பதவி கிடைத்தது 1868-ல். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1861-ம் ஆண்டு பாடன் பாடன் நகரில் இருந்தபோது அவருக்கு மார்பில் நீர் கோத்துக் கடும் நோய் கண்டது. பிழைப்பாரா என்ற நிலைமை. பிழைத்தார். ஆனால் நுரையீரல் பழைய நிலைக்கு வரவில்லை. காசநோய் பற்றிக்கொண்டது.

அடுத்த ஆண்டு டென்மார்க் பிரபு குடும்பத்துப் பெண்ணான அன்னா க்னூத்தை மணந்தார். குழந்தைகள் பிறந்தன. மணமாகி இரண்டு ஆண்டுகளில் பிரஷ்யாவும் டென்மார்க்கும் யுத்தத்தில் இறங்கின. கணவர் நாடு ஒரு பக்கம், மனைவி பிறந்த நாடு மறு பக்கம்!

காசநோய்க்காரர் ஓய்வெடுக்க வேண்டும், மலைப் பிரதேசத்தில் நல்ல காற்று வாங்க வேண்டும் என்பதுதான் அன்றைய வைத்தியம். ஊருக்கெல்லாம் நேரத்தில் வா, நேரத்தில் வா என்று சொன்ன கிரேஃபே, தம் விஷயத்தில் அதைக் கேட்கவில்லை. இருமிக்கொண்டே நோயாளிகளைப் பார்த்தார். இருமிக்கொண்டே பாடம் நடத்தினார். புதுக் கத்தியை அமைத்துப் புரை ஆபரேஷனை மாற்றியதும் இந்த நாட்களில்தான். கத்தி பிடிக்கும் கைக்கு நோய் எட்டவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவரிடம் கடைசிக் காலத்தில் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் ஜூலியஸ் ஹிர்ஷ்பர்க். பின்னாளில் கண் வைத்தியத்தின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியவர் அவர்தான்.

1870-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி பிரான்ஸ், பிரஷ்யாவின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. பெர்லின் நகரம் முழுவதும் அதே பேச்சு. மறுநாள், ஜூலை 20-ந் தேதி, கிரேஃபே காலமானார். வயது 42. இரண்டே ஆண்டுகளில் அவர் மனைவியும் இறந்து போனார்.

1882-ம் ஆண்டு பெர்லினில், ஷரிட்டே ஆஸ்பத்திரியின் மூலையில், அவருக்குச் சிலை எழுப்பினார்கள். ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைக்கும் நகரத்தில் ஒரு டாக்டருக்குச் சிலை! கையில் ஹெல்ம்ஹோல்ட்சின் கருவியோடு நிற்கிறார். இரு பக்கத்திலும் சுட்ட மண் சிற்பங்கள். ஒரு பக்கம் கண் தெரியாதவர்கள் தட்டுத் தடுமாறி வருகிறார்கள். மறு பக்கம் பார்வை பெற்றவர்கள் போகிறார்கள். காசநோயின் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்ததும் அதே 1882-ல், அதே பெர்லினில்தான்.

26 வயதில் அவர் தொடங்கிய பத்திரிகை இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அதன் பெயரில் கிரேஃபேயின் பெயரும் இருக்கிறது.